கணக்கியல் கல்வியும் கணக்கு ஒப்படைக்கும் கடமையும்

(அறக்கட்டளையின் கல்வி உதவி நிதி வழங்கும் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் இதற்கு முன் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் பேசியிருக்கிறார்கள். இம்முறை ஒரு கணக்காய்வாளனை அழைத்திருக்கிறீர்கள். "உதவி நிதிக்கு மனுச் செய்த பிள்ளைகளில் பலர் கணக்கியல் படிக்கிறவர்கள். அவர்களுக்கு வழி சொல்லுங்கள். நன்கொடையாளர்களும் இருப்பார்கள், அவர்களுக்கும் விளங்கும்படி பேசுங்கள்" என்று தலைவர் கேட்டுக்கொண்டார். அதனால் கணக்கியல் கல்வி என்பது என்ன, பட்டத்துக்குப் பின் உள்ள பாதை எப்படிப்பட்டது, அந்தப் பாதையில் நம் பிள்ளைகள் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள், அந்த இடத்தில் நாம் என்ன செய்யலாம் என்ற வரிசையில் பேசுகிறேன்.

கணக்கு எழுதுவதும் ஒப்படைப்பதும்

நான் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். எங்களுக்குக் கணக்கு என்றால் கிராணியார்தான். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிப்பார். பிறகு பால் நிறுத்து எழுதிக்கொள்வார். மாதக் கடைசியில் அவர் சொல்வதுதான் சம்பளம். என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் கதவுக்குப் பின்னால் கரியால் ஒரு கோடு போட்டு வைப்பார். சம்பளத்தன்று அந்தக் கோடுகளை எண்ணிப் பார்ப்பார். ஒருவர் எழுதிய கணக்கை அவருடைய கைக்கு எட்டாத வேறொரு சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் கணக்காய்வின் அடிப்படை என்று பல்கலைக்கழகத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது, அது எனக்குப் புதிய பாடமாகத் தோன்றவில்லை.

கணக்கு எழுதுவது ஒரு வேலை. எழுதிய கணக்கை உரியவர் முன் வைத்து, அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வது ஒரு கடமை. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் கணக்கியல். முதலாவதை மட்டும் நினைத்துக்கொண்டு, "பையனுக்குக் கூட்டல் கழித்தல் நன்றாக வருகிறது, கணக்கியலில் போடலாம்" என்று பெற்றோர் முடிவு செய்கிறார்கள். கூட்டுவதற்கு இப்பொழுது கணினி இருக்கிறது. பதில் சொல்வதற்குத்தான் ஆள் தேவை.

1494ஆம் ஆண்டில் லூக்கா பாச்சோலி என்னும் இத்தாலியத் துறவி வெனிஸ் நகரில் அச்சிட்டு வெளியிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கி எழுதினார். அவர் அதைக் கண்டுபிடித்தவர் அல்லர். வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே கையாண்டு வந்ததை முறையாக எழுதிவைத்தார். எந்தக் கொடுக்கல் வாங்கலும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொரு கணக்கில் வரவாகவும் பதியப்பட வேண்டும், இரண்டு பக்கத்தின் கூட்டுத்தொகையும் சமமாக நிற்க வேண்டும் என்பதே அந்த முறை. இன்று பல கோடி வெள்ளி புரளும் வங்கியின் கணினிக்குள் நடப்பதும் அதுவேதான்.

அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், கணக்கு ஒப்படைக்கும் கடமையைப் பற்றி நம் முன்னோர் கல்லில் வெட்டி வைத்தார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921ஆம் ஆண்டைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறைத் தேர்தலுக்காக எல்லோரும் அறிந்தது. அதில் இன்னொரு செய்தியும் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் தேர்தலில் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. கணக்கு எழுதுகிறவர் தம் காலத்துக் கணக்கைத் தாமே வந்து ஒப்படைக்க வேண்டும். அதை முடித்துக் கொடுக்க வேறொருவரை அனுப்பக் கூடாது. கணக்கு நேர்மையானது என்று பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளும் வரை அவருக்கு மறுபடி அந்தப் பதவி இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய இந்த விதியை இன்றைய சங்கங்களில் கறாராகக் கடைப்பிடித்தால் எத்தனை பேர் மேடையில் மிஞ்சுவார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் படிப்பது என்ன?

நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் கணக்கியல் பட்டப்படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டு. அதில் ஒரு பகுதி தொழிற்பயிற்சிக்கு உரியது. முதல் ஆண்டில் நிதிக் கணக்கியலின் அடிப்படை, பொருளாதாரம், புள்ளியியல், வணிகச் சட்டம். அடுத்து நிறுவனக் கணக்கு, செலவுக் கணக்கியல், வருமான வரி, கணக்காய்வு. பிறகு பல நிறுவனங்களைக் கொண்ட ஒரு குழுமத்தின் கணக்கை ஒன்றாக்கிக் காட்டுவது, நிதி நிர்வாகம், கணினித் தகவல் முறைகள். எஸ்.பி.எம். தேர்வில் கணக்கியல் பாடம் எடுக்காதவரும் பயப்பட வேண்டியதில்லை. முதல் பருவத்தில் எல்லாம் அடியிலிருந்தே தொடங்கும். எடுத்தவர் அந்தப் பருவத்தில் அலட்சியமாக இருந்துவிட்டு, மூன்றாம் பருவத்தில் பின்தங்கிப் போவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டிலேயே மாணவருக்கு ஒன்று விளங்கிவிடும். கணக்கியலில் பல கேள்விகளுக்குக் கணக்குப் போட்டு விடை காண முடியாது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு வணிகருக்கு வாடிக்கையாளர்களிடமிருந்து 50,000 வெள்ளி வர வேண்டியிருக்கிறது. பேரேட்டில் அந்தத் தொகை சரியாகவே இருக்கிறது. ஆனால் அவர்களில் ஒருவர் கடையை மூடிவிட்டார், இன்னொருவர் எட்டு மாதமாகத் தொலைபேசியை எடுப்பதில்லை. அப்படியானால் உண்மையில் வரக்கூடியது எவ்வளவு? 2018ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடப்புக்கு வந்த எம்.எப்.ஆர்.எஸ். 9 என்னும் நிதி அறிக்கைத் தரம், கடன் கெட்டுப்போகும் வரை காத்திராமல், எதிர்பார்க்கக்கூடிய இழப்பை முன்கூட்டியே மதிப்பிட்டுக் காட்டச் சொல்கிறது. அந்த மதிப்பீட்டைக் கணினி தானாகச் சொல்லாது. கடன்காரர் யார், அந்தத் தொழிலின் நிலை என்ன, முன்பு எப்படிக் கட்டினார் என்று விசாரித்து, ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவுக்குக் காரணமும் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, இந்தப் படிப்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. 2014ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரல் முதல் நாள் ஜி.எஸ்.டி. என்னும் பொருள் சேவை வரி 6 விழுக்காட்டில் நடப்புக்கு வந்தது. அதை இரவு பகலாகப் படித்தார். அவர் பட்டம் பெறும் வேளையில், 2018 ஜூன் முதல் நாள் அது பூச்சிய விழுக்காடாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. 2024 ஆகஸ்டு முதல் மின்விலைப்பட்டியல் முறை, முதலில் பெரிய நிறுவனங்களுக்கும் பிறகு படிப்படியாக மற்றவர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. விதிகளை மனப்பாடம் செய்தவர் இத்தகைய மாற்றங்களில் திணறுவார். ஒரு விதி எதற்காக வந்தது என்று புரிந்து படித்தவர் புதிய விதியையும் புரிந்துகொள்வார். எனவே மாணவச் செல்வங்களே, விரிவுரையாளர் தரும் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு தேர்வு எழுதாதீர்கள். சட்டத்தையும் நிதி அறிக்கைத் தரத்தையும் நேரே எடுத்துப் படிக்கும் பழக்கத்தைப் பல்கலைக்கழகத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

பட்டம் கையில் வந்த பிறகு

இப்பொழுது பெற்றோர்கள் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். கணக்கியலில் பட்டம் பெற்றவுடன் ஒருவர் கணக்காளர் ஆகிவிடுவதில்லை.

1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டத்தின்படி, எம்.ஐ.ஏ. என்னும் மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிவு பெற்றவர்தான் இந்த நாட்டில் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பதிவுக்கு இரண்டு வழிகளை அந்தச் சட்டம் வகுத்தது. ஒன்று, சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, அதன் பிறகு மூன்று ஆண்டு தக்க பயிற்சி பெறுவது. மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம், உத்தாரா பல்கலைக்கழகம் போன்றவற்றின் கணக்கியல் பட்டங்கள் இந்த அட்டவணையில் உள்ளவை. மற்றொன்று, அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறை அமைப்பு ஒன்றில் உறுப்பினர் ஆவது. 1904ஆம் ஆண்டில் லண்டனில் தொடங்கிய ஏ.சி.சி.ஏ., 1958ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே தொடங்கிய எம்.ஐ.சி.பி.ஏ., சி.பி.ஏ. ஆஸ்திரேலியா ஆகியவை அவற்றில் சில.

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. ஒரு பட்டம் அரசாங்கத்தின் தர நிர்ணய அமைப்பால் அங்கீகரிக்கப்பட்டது என்பது வேறு, அது கணக்காளர் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது என்பது வேறு. கல்லூரியின் விளம்பரத்தில் "கணக்கியலும் நிதியியலும்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்தப் பட்டத்தை முடித்தவர், தொழில்முறைத் தேர்வை எழுதி முடிக்காமல் கணக்காளராகப் பதிய முடியாமல் போகலாம். சேர்வதற்கு முன் மூன்று கேள்விகளை எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் வாங்குங்கள். இந்தப் பட்டம் கணக்காளர் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறதா? எந்தத் தொழில்முறைத் தேர்வில் எத்தனை தாளுக்கு விலக்குக் கிடைக்கும்? தொழிற்பயிற்சிக்கு இடம் தேடித் தருவது யார் பொறுப்பு? விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், சேரும் ஆண்டிலேயே கழகத்திடம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

நம் பிள்ளைகளில் பலர் எழுதுவது ஏ.சி.சி.ஏ. தேர்வு. 2018ஆம் ஆண்டில் ஏற்பட்ட அமைப்பின்படி அதில் 13 தாள்கள். தொடக்க நிலையில் மூன்று, நடுநிலையில் ஆறு, மேல்நிலையில் நான்கு. நல்ல கணக்கியல் பட்டம் உள்ளவருக்கு முதல் ஒன்பது தாள்கள் வரை விலக்குக் கிடைக்கும். கடைசி நான்கு தாள்களுக்கு யாருக்கும் விலக்குக் கிடையாது. தாள் ஒன்றில் 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் அந்த நான்கில் நாம் தேர்ந்தெடுத்து எழுதும் இரண்டு தாள்களில், உலகம் முழுவதும் எழுதுகிறவர்களில் பாதிப்பேர்கூடத் தேர்ச்சி பெறாத பருவங்களே மிகுதி. தேர்வு தவிர, மூன்று ஆண்டுப் பயிற்சியும் உண்டு.

இந்த நான்கு தாள்களும் அனுபவத்தையும் ஆங்கிலத்தையும் சோதிப்பவை. ஒரு நிறுவனத்தின் நிலையைப் பல பக்கங்களுக்கு விவரித்துவிட்டு, "இயக்குநர் குழுவுக்கு நீ என்ன ஆலோசனை சொல்வாய்?" என்று கேட்பார்கள். எண்களைச் சரியாகப் போட்டுவிட்டு, காரணத்தை நான்கு வரி எழுதத் தெரியாமல் 45 மதிப்பெண்ணில் நின்றுவிடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் கணக்கில் தோற்கவில்லை, எழுத்தில் தோற்றார்கள்.

நின்றுவிடும் இடம்

என் அலுவலகத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். தந்தை லாரி ஓட்டுநர். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, பொதுப் பல்கலைக்கழகத்தில் நல்ல முறையில் பட்டம் பெற்றவள். ஒன்பது தாள்களுக்கு விலக்கு. மீதி நான்கில் இரண்டை முதல் ஆண்டிலேயே முடித்துவிட்டாள். அந்த நேரத்தில் தந்தைக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு வேலைக்குப் போக முடியாமல் போயிற்று. தம்பி படிவம் நான்கில் இருந்தான். வீட்டு வாடகை, கல்விக் கடன் தவணை எல்லாம் அவள் சம்பளத்தில்தான். புதிய பட்டதாரிக்குச் சம்பளம் மூவாயிரம் வெள்ளிக்கு முன்னும் பின்னுமாக இருக்கிறது. தேர்வுக் கட்டணத்தையும் ஆண்டுச் சந்தாவையும் பிரிட்டிஷ் பவுனில் கட்ட வேண்டும். ரிங்கிட் இறங்கினால் கட்டணம் ஏறும். வகுப்புக்கும் நூலுக்கும் தனிச் செலவு. "அடுத்த பருவம் எழுதுகிறேன் சார்" என்றாள். அடுத்த பருவம் ஐந்து ஆண்டாகிவிட்டது.

இன்று அவள் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். மாதக் கணக்கை முடிப்பது அவள், வரிக்கான கணக்கைத் தயார் செய்வது அவள், கணக்காய்வாளர்கள் வந்தால் பதில் சொல்வதும் அவள். அந்தப் பிரிவுக்கு மேலாளர் தேவைப்பட்டபோது, தகுதிச் சான்றிதழ் உள்ள ஒருவரை வெளியிலிருந்து எடுத்தார்கள். அவருக்கு வேலை கற்றுக் கொடுத்ததும் அவள்தான். இப்பொழுது தம்பி சம்பாதிக்கத் தொடங்கியிருக்கிறான். இந்த ஆண்டு மீண்டும் ஒரு தாளுக்குப் பதிந்திருக்கிறாள்.

அவளுக்கு அறிவு குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை. பட்டம் பெறும் வரை அவளுக்கு உதவிய கைகள், பட்டம் வந்ததும் "இனி அவள் பார்த்துக்கொள்வாள்" என்று விலகிக்கொண்டன. அந்தக் கைகளின் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பட்டம்தான் கடைசிப் படி என்று எல்லோரும் நினைத்தோம். பெரிய கணக்காய்வு நிறுவனங்கள் பல, ஒப்பந்தத்தின் பேரில் தேர்வுக் கட்டணத்தைத் தாமே ஏற்று, படிக்க விடுப்பும் தருகின்றன. சிறிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த வசதி கிடைப்பது அரிது.

மாணவர்கள் இப்பொழுதே செய்யக்கூடியவை

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு நான்கு செய்திகள்.

ஒன்று, வாரம் ஓர் ஆண்டறிக்கை படியுங்கள். புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இலாபம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், பின்னால் உள்ள குறிப்புகளைப் படியுங்கள். கணக்காய்வாளர் அறிக்கையைப் படியுங்கள். 2016ஆம் ஆண்டு இறுதியிலிருந்து, தாம் மிகுந்த கவனம் செலுத்திய முக்கிய விவகாரங்களைக் கணக்காய்வாளர் அந்த அறிக்கையில் விளக்கி எழுதுகிறார். அனுபவம் மிக்க ஒருவர் எதைக் கண்டு சந்தேகப்படுகிறார், எப்படிச் சோதிக்கிறார் என்று அதில் தெரிந்துகொள்ளலாம். ஆங்கிலமும் கூடவே வளரும்.

இரண்டு, தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போது குளிர்சாதன அறையையும் நிறுவனத்தின் பெயரையும் மட்டும் பார்க்காதீர்கள். சிறிய கணக்காய்வு அலுவலகத்தில் முதல் மாதத்திலேயே ரசீதையும் பேரேட்டையும் ஒப்பிடுவீர்கள், வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பீர்கள், ஆண்டிறுதியில் கிடங்குக்குப் போய்ச் சரக்கு எண்ணுவதைப் பார்வையிடுவீர்கள். டிசம்பர் 31ஆம் நாள் இரவு, ஊரெல்லாம் புத்தாண்டு கொண்டாடும்போது, அரிசிக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே நின்று எண்ணியவன் நான். அடுக்கின் வெளிப்பக்கம் மட்டும் மூட்டை இருந்து, நடுவில் வெறுமையாக இருக்கக்கூடும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு மூத்த உதவியாளர். பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால், பெரிய தொழில்கள் இயங்கும் முறையைக் கற்கலாம். இரண்டும் நல்லவையே. உங்களுக்கு யார் வேலை கற்றுத் தருவார் என்று கேட்டுச் சேருங்கள்.

மூன்று, பொதுப்பணியில் பொருளாளர் பொறுப்பை ஏற்றுப் பழகுங்கள். மாணவர் சங்கமோ, ஊர்க் கோயிலோ எதுவாக இருந்தாலும் சரி. உண்டியல் திறக்கும்போது மூன்று பேராவது உடன் இருக்கிறார்களா, எண்ணிய தாளில் அனைவரும் கையொப்பம் இட்டார்களா, பணம் மறுநாளே வங்கிக்குப் போயிற்றா, அர்ச்சனைச் சீட்டில் வரிசை எண் விட்டுப்போகாமல் இருக்கிறதா, நகைகள் எடையோடு பதிவேட்டில் இருக்கின்றனவா, உபயத் தொகைக்கு ரசீது கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். உள்கட்டுப்பாடு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். சங்கங்கள் சட்டம் 1966இன்படி ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். நம் அமைப்புகள் பல இதில் தடுமாறுகின்றன. படித்த பிள்ளைகள் இருவர் வாரம் ஒரு மாலை உட்கார்ந்தால் சீராகிவிடும் காரியம் இது.

நான்கு, நாணயம். நம் தொழிலுக்கு அனைத்துலக ஒழுக்க நெறி ஐந்து அடிப்படைகளைச் சொல்கிறது. நேர்மை, நடுநிலை, திறமையோடு கூடிய கவனம், இரகசியம் காத்தல், தொழிலுக்கு ஏற்ற நடத்தை. இவற்றைத் தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடக் கூடாது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் திவாலானது. அதன் கணக்கை ஆய்வு செய்து வந்தது, 1913ஆம் ஆண்டில் தொடங்கி உலகின் ஐந்து பெரும் கணக்காய்வு நிறுவனங்களில் ஒன்றாக விளங்கிய ஆர்தர் ஆண்டர்சன். ஆவணங்களை அழித்த வழக்கில் 2002ஆம் ஆண்டில் அது குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2005ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அதற்குள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், நிறுவனம் கலைந்துவிட்டது. அங்கே வேலை செய்த பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர் என்ரானின் கணக்கைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. நம்பிக்கை போனால் தொழிலே இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மருத்துவம் கிடைக்காததால் கணக்கியலுக்கு வந்தான் என்று உறவினரிடம் சொல்லாதீர்கள். பக்கத்து அறையில் பிள்ளை கேட்டுக்கொண்டிருப்பான். இந்தத் தொழிலை விரும்பித் தேர்ந்தெடுத்துக் கௌரவமாக வாழ்கிறவர்கள் நம் சமூகத்தில் ஏராளம். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். பட்டம் வந்த மறுமாதமே முழுச் சம்பளத்தையும் எதிர்பார்க்காதீர்கள். முதல் மூன்று ஆண்டு அவனுக்கு இன்னமும் படிப்புக் காலம்தான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கணக்காய்வு வேலை நெருக்கும். இரவு பத்து மணிக்கு வருவான். "பிறர் கணக்கைப் பார்க்கிறாயே, வீட்டைப் பார்க்கிறாயா?" என்று கேட்காமல், அந்த மூன்று ஆண்டு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். மகள்களின் பெற்றோர்களே, மீதித் தாள்கள் முடியும் வரை திருமணப் பேச்சைச் சற்றுத் தள்ளி வையுங்கள். திருமணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்பது உண்மைதான். எழுதவிடும் குடும்பமா என்று முன்பே கேட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நன்கொடையாளப் பெருமக்களே

கடைசியாக உங்களிடம் வருகிறேன். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு தொடர் உண்டு. நந்தா விளக்கு எரிக்க ஆடுகளைக் கொடையாகக் கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டுகள் அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று சொல்கின்றன. ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும், மூப்படையும். ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பி, 96 என்பது என்றைக்கும் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் குறையாமல் பயனை மட்டும் எடுத்துச் செலவிடுவதை நாங்கள் பாடநூலில் மூலதனம் பேணல் என்று படித்தோம். அதை நம் ஊர் இடையர்கள் கையெழுத்துப் போடத் தெரியாமலேயே நடத்திக் காட்டினார்கள்.

உங்கள் கல்வி நிதியும் அப்படிப்பட்ட பேராடாக இருக்கட்டும் என்று வேண்டி, மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, உதவி பட்டத்தோடு நிற்க வேண்டாம். பட்டம் பெற்றபின் தொழில்முறைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கென நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். பணத்தை மாணவர் கையில் கொடுக்க வேண்டியதில்லை. தேர்வுக் கட்டணத்தை நேரடியாகக் கட்டிவிடலாம். முழுப் பட்டப்படிப்புக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் நான்கு தாள்களின் செலவு சிறியது. ஆனால் அந்தச் சிறிய தொகை இல்லாததால்தான் முன்னே செய்த பெரிய செலவு முழுப்பயன் தராமல் போகிறது. இது கணக்காய்வியலுக்கு மட்டும் உரியதன்று. சட்டத்திலும் பொறியியலிலும்கூடப் பட்டத்துக்கும் தொழில் உரிமைக்கும் இடையே இத்தகைய ஓர் இடைவெளி இருக்கிறது.

இரண்டாவது, அதை வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள். தேர்ச்சி பெற்றுச் சம்பளம் உயர்ந்தபின் சிறுகச் சிறுகத் திருப்பித் தரட்டும். வந்த பணம் அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். யார் வாங்கினார், யார் திருப்பினார் என்ற கணக்கு எழுத நான் ஊதியமின்றி முன்வருகிறேன். என் அலுவலகத்தில் ஆண்டுதோறும் இரண்டு மாணவர்களுக்குப் பயிற்சி இடமும் தருகிறேன். இந்த மண்டபத்தில் இருக்கும் மற்றக் கணக்காளர் நண்பர்களும் ஆளுக்கு ஒருவரை ஏற்றுக்கொண்டால், இன்று நிதி பெறும் கணக்கியல் மாணவர்கள் பயிற்சிக்கு அலைய வேண்டியிருக்காது.

மூன்றாவது, நன்கொடை கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். கணக்குக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 44(6)ஆம் பிரிவின்கீழ் அனுமதி பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு உங்களுக்கு வரிக்கழிவு கிடைக்கிறது. அந்தச் சலுகைக்கு ஈடாக அமைப்பு முறையான கணக்கைக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது. ஆண்டு மலரில் நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல் எத்தனை பக்கம் வருகிறதோ, அதற்குப் பக்கத்திலேயே வரவு செலவுக் கணக்கும் வரட்டும். எத்தனை பேருக்கு உதவினோம், அவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதும் வரட்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் அடுத்த ஆண்டு நாம் செய்ய வேண்டிய பணி இருக்கிறது. அறங்காவலர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என்னை இந்த மேடைக்கு அழைத்தவர்களே அவர்கள்தானே!

மாணவச் செல்வங்களே, இன்று உங்கள் கையில் வரும் காசோலையில், மாதம் பத்து வெள்ளி கொடுத்த தோட்டத்துப் பாட்டியின் பணமும் இருக்கிறது, ஆயிரம் கொடுத்த வணிகரின் பணமும் இருக்கிறது. அதற்கு நீங்கள் எழுத வேண்டிய கணக்கு, உங்கள் படிப்புத்தான். எடுத்த படிப்பைக் கடைசித் தாள் வரை முடித்து, நாளை இந்த நிதிக்கு ஒரு பங்கு கொடுக்கும் நிலைக்கு நீங்கள் அனைவரும் உயர எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிய வேண்டும் என்று வேண்டுகிறேன்.